பெரிய ஆற்றுக்கு எத்தனை பெயர்!

கனடாவின் வரைபடத்தை ஃபோனில் திறந்து, மேற்குப் பக்கமாக விரலை வைத்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போங்கள். ஊர்ப் பெயர்கள் குறைந்துகொண்டே வரும். சாலைகள் நூலாக மெலிந்து, பிறகு அறுந்தே போகும். அங்கே இரண்டு பெரிய ஏரிகள் நீலமாகத் தெரியும். அவற்றில் தெற்கே இருக்கும் ஏரியின் மேற்கு முனையிலிருந்து ஓர் ஆறு கிளம்பி, வடமேற்காக வளைந்து, ஆர்க்டிக் பெருங்கடலில் போய்ச் சேரும். அதன்மேல் 'மெக்கன்சி' என்று எழுதியிருக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 31 வருடம் புவியியல் டீச்சராக இருந்தவள் நான். வட அமெரிக்காவின் நீளமான ஆறுகள் எவை என்றால் மிசிசிப்பி-மிசௌரிக்கு அடுத்து மெக்கன்சி என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அந்த வரியைத் தாண்டி அந்த ஆற்றைப் பற்றி யோசிக்க எங்களுக்குப் பாடவேளையும் கிடையாது, காரணமும் கிடையாது.

காரணம் பிறகு வந்தது. என் மகள் செவிலியர். வேலை கிடைத்து, கணவரோடும் குழந்தையோடும் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் இருக்கும் யெல்லோநைஃப் என்ற ஊரில் குடியேறினாள். 2024 கோடையில் நான் அங்கே போனேன். "ஆச்சிக்கு என்ன பார்க்கணும்?" என்று பேத்தி கேட்டாள். "மெக்கன்சி ஆறு" என்றேன். மருமகன் சிரித்துவிட்டார். "அத்தை, எல்லாரும் நயாகரா கேப்பாங்க" என்றார்.

மேலே ஏறுவதுபோல் ஓடும் ஆறு

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். கிரேட் ஸ்லேவ் என்ற ஏரியிலிருந்து கடல்வரை இந்த ஆற்றின் நீளம் 1,738 கிலோமீட்டர். ஏரிக்கும் அப்பால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறுகளின் மூலம்வரை பின்னோக்கிப் போனால் 4,241 கிலோமீட்டர். தண்ணீர் வந்துசேரும் நிலப்பரப்பு சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது இந்தியாவில் பாதிக்கும் மேல்! கனடாவின் நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

அந்த கிரேட் ஸ்லேவ் ஏரியின் ஆழம் 614 மீட்டர். வட அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி அதுதான். யெல்லோநைஃப் ஊர் அதன் கரையில்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய நிலத்தில் ஆட்கள்தான் இல்லை. தமிழ்நாட்டைப்போல் பத்து மடங்கு பரப்புள்ள வடமேற்குப் பிரதேசம் முழுக்கச் சேர்த்து சுமார் 45,000 பேர். நம் ஊரில் ஒரு சின்ன நகராட்சி.

இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும்: அது தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் ஆறு முழுக்க உறைந்துவிடும். அதன்மேல் லாரிகளே ஓடும். மே மாதம் வெயில் வரும்போது எந்தப் பக்கம் முதலில் உருகும்? தெற்குப் பக்கம். அதுதான் ஆற்றின் மேல்பகுதி. அங்கே உருகிய தண்ணீர் வேகமாக வடக்கே வரும்போது, கீழே ஆறு இன்னும் கல்லாகக் கிடக்கும். உடைந்த பனிக்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அணைபோல் அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறும். 2021 மே மாதம் ஃபோர்ட் சிம்சன் என்ற ஊரில் இப்படித்தான் வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம், வடக்கே ஓடி அதே ஏரியில் கலக்கும் ஹே ஆறு இதேபோல் அடைத்துக்கொண்டு, ஹே ரிவர் ஊரையே காலி செய்ய வைத்தது. மழை ஒரு சொட்டும் பெய்யாமல்கூட வெள்ளம் வரும் ஊர்கள் இவை.

யெல்லோநைஃபுக்குச் சாமான் வரும் சாலை இந்த ஆற்றைக் கடந்துதான் வர வேண்டும். 2012 நவம்பர் வரை பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆறே சாலை. ஆனால் உறையத் தொடங்கும் வாரங்களிலும் உருகத் தொடங்கும் வாரங்களிலும் இரண்டுமே ஓடாது. அப்போது பாலும் தக்காளியும் விமானத்தில் வரும், விலையும் விமானத்தில் ஏறும். மகளோடு வேலை செய்யும் மூத்த நர்ஸ்கள் அந்த வாரங்களுக்காக மாவும் பருப்பும் வாங்கி அடுக்கிவைத்த கதையை இன்னும் சொல்கிறார்களாம்.

இப்போது அங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான நீளத்தில் பாலம் நிற்கிறது. அதன் பெயர் 'டேச்சோ பாலம்'.

"டேச்சோன்னா யாரு? அமைச்சரா?" என்று மருமகனிடம் கேட்டேன்.

"ஆறுதான், அத்தை. இந்த ஆத்துக்கு இங்க இருக்கிறவங்க சொல்ற பேரு."

வந்துபோனவரின் பெயர்

அப்படியென்றால் மெக்கன்சி யார்?

அலெக்சாண்டர் மெக்கன்சி, ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் தோல் வியாபாரத்தில் இறங்கியவர். அந்தக் காலத்தில் நீர்நாய் போன்ற பீவரின் தோலுக்கு ஐரோப்பாவில் ஏக கிராக்கி, தொப்பி செய்ய. அவருடைய கம்பெனிக்குப் பசிபிக் கடலுக்கு ஒரு நீர்வழி வேண்டியிருந்தது. இந்த ஆறு மேற்கே போய்ப் பசிபிக்கில் விழும் என்று ஓர் ஊகம் இருந்தது. 1789 ஜூன் 3 அன்று அதபாஸ்கா ஏரிக்கரையிலிருந்து மரப்பட்டைப் படகுகளில் கிளம்பினார். அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்.

ஆறு கொஞ்ச தூரம் மேற்கே போய் ஆசை காட்டியது. பிறகு மலைகளை ஒட்டி வடக்கே திரும்பிவிட்டது. திரும்பியது திரும்பியதுதான். ஜூலை நடுவில் அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் பனிக்கட்டி மிதந்தது, திமிங்கிலம் தெரிந்தது, இரவில் அலையேற்றம் வந்து மூட்டைகளை நனைத்தது. அது ஆர்க்டிக் கடல். செப்டம்பர் 12-ஆம் தேதி புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். மொத்தம் 102 நாள். பசிபிக்கை அவர் 1793-இல் வேறு வழியாகப் போய்ப் பார்த்தார்.

இந்த ஆற்றுக்கு அவர் 'ஏமாற்றத்தின் ஆறு' என்று பெயர் வைத்ததாக ஒரு கதை உலவுகிறது. அவர் 1801-இல் வெளியிட்ட பயணக் குறிப்பில் அந்தப் பெயரைக் காணோம். வரலாற்று ஆசிரியர்கள் அந்தக் கதையைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் அவர் பெயரையே ஆற்றுக்குச் சூட்டினார்கள்.

அவருடைய பயணத்தில் யார் யார் இருந்தார்கள் என்று படித்தபோது ஒரு விஷயம் என்னை உறுத்தியது. படகோட்டிகளின் பெயர்கள் இருக்கின்றன. வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் போன சிபவயன் இனத் தலைவரை 'இங்கிலீஷ் சீஃப்' என்று குறித்திருக்கிறார். கூடவே நான்கு பெண்கள் போனார்கள்: இரண்டு படகோட்டிகளின் மனைவிகள், அந்தத் தலைவரின் இரண்டு மனைவிகள். வழியெல்லாம் கூட வந்தவர்களின் கால் தேயாமல் தோல் செருப்புத் தைத்துக் கொடுத்தது அவர்கள்தான். பழம் பறித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். அந்த நான்கு பேரின் பெயரும் குறிப்பில் இல்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்த ஆற்றுக்கு மேற்கே இருக்கும் மலைத்தொடருக்கும் மெக்கன்சி மலைகள் என்றுதான் பெயர். ஆனால் அது இவரில்லை! கனடாவின் இரண்டாவது பிரதமராக இருந்த இன்னோர் அலெக்சாண்டர் மெக்கன்சி. ஆற்றுக்கு ஒருவர், மலைக்கு அதே பெயரில் வேறொருவர். தேர்வில் கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்!

'கிரேட் ஸ்லேவ்' ஏரியின் பெயர் இன்னும் மோசம். ஸ்லேவ் என்றால் அடிமை. அங்கே வாழ்ந்த டெனே மக்களில் ஒரு பிரிவினரை, அவர்களோடு பகை கொண்டிருந்த கிரீ இனத்தவர் அடிமைகள் என்ற பொருளில் அழைத்தார்கள். வியாபாரிகள் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். பகையாளி வைத்த வசைப்பெயர் வரைபடத்தில் ஏறி, இன்றும் அப்படியே இருக்கிறது.

இருந்தவர்கள் வைத்த பெயர்கள்

பாலத்தைத் தாண்டி ஃபோர்ட் சிம்சனுக்குப் போனோம். யெல்லோநைஃபிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் காட்டெருமைகள் கூட்டமாகச் சாலையில் நின்றன. நாம் ஹாரன் அடித்தால் அவை நம்மைத் திரும்பிப் பார்ப்பதோடு சரி. கடைசியில் லியார்ட் என்ற துணையாற்றைப் படகில் கடக்க வேண்டும். அது கலங்கல் தண்ணீர், நம் ஊர்ப் புதுவெள்ளத்தின் நிறம். பெரிய ஆறோ ஏரியில் தெளிந்து வருவதால் சுத்தமாக இருக்கும். இரண்டும் சேர்ந்தபிறகும் ஒன்றாகக் கலக்காமல், பழுப்பும் நீலமுமாக வெகுதூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அந்த ஊருக்கு டெனே மக்கள் சொல்லும் பெயர் 'லீட்லி குவே'. ஆறுகள் கூடும் இடம் என்று அர்த்தம். சிம்சன் என்பது தோல் கம்பெனி ஒன்றின் ஆளுநர் பெயர்.

ஆற்றங்கரையில் ஒரு மூதாட்டி பிர்ச் மரப்பட்டையில் செய்த சின்னக் கூடைகளை விற்றுக்கொண்டிருந்தார். மேலே முள்ளம்பன்றி முட்களுக்குச் சாயம் ஏற்றிப் பூ வேலை. எனக்கு எழுபது என்றால் அவருக்கு எழுபத்தைந்து இருக்கலாம். ஒரு கூடை வாங்கினேன். "மாசி ச்சோ" என்றார். நன்றி என்று அர்த்தம் என மகள் சொன்னாள்.

புவியியல் டீச்சர் சும்மா இருப்பாளா? "டேச்சோவில் வரும் 'ச்சோ'தானா இது?" என்று மகள் மூலம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம், 'ச்சோ' என்றால் பெரிய. 'டே' என்றால் ஆறு. டேச்சோ, பெரிய ஆறு. 'மாசி' மட்டும் அவர்கள் சொல் கிடையாதாம். பிரெஞ்சு வியாபாரிகள் சொன்ன 'மெர்சி'தான் அப்படி ஆனது. 'து' என்றால் தண்ணீர். 'துச்சோ' என்றால் பெரிய தண்ணீர், அதாவது அந்தப் பெரிய ஏரி. அடிமை என்ற பேச்சே அதில் இல்லை.

கீழே போகப் போக மொழி மாறும், பெயரும் மாறும். வடக்கு ஸ்லேவி பேசுபவர்கள் டேஹோ என்கிறார்கள். முகத்துவாரத்தில் வாழும் இனுவியாலுயித் மக்களுக்கு அது கூக்பாக். அதற்கும் பெரிய ஆறு என்றுதான் பொருள். ஐரோப்பிய வியாபாரிகளுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியினரான மேட்டி மக்கள் கிராண்ட் ரிவியேர் என்கிறார்கள்; அதுவும் பெரிய ஆறுதான். நமக்கு ஒரு பெரியாறு இருக்கிறது. மிசிசிப்பி என்ற சொல்லுக்கும் அங்குள்ள பூர்வகுடி மொழியில் இதே பொருள். கரையில் வாழ்கிறவர்களுக்கு ஆறு என்றால் அது ஒன்றுதான். அதற்கு மேல் அடையாளம் தேவைப்படவில்லை போலும்.

குவிச்சின் மக்கள் மட்டும் கொஞ்சம் நீட்டி, நாக்விச்சூன்ஜிக் என்கிறார்கள். 'பெரிய தேசத்தின் ஊடாக ஓடும் ஆறு'. பத்து முறை சொல்லிப் பழகியபின் எனக்குப் பிடித்துப்போன பெயர் இதுதான்.

கரையோர ஊர்ப் பெயர்களிலும் இப்படிப் பாடம் இருக்கிறது. டுலிடா என்றால் தண்ணீர்கள் சந்திக்கும் இடம். பெரும் கரடி ஏரியிலிருந்து வரும் ஆறு அங்கேதான் வந்து சேர்கிறது. பக்கத்தில் கரடிப் பாறை என்று ஒரு மலை. யமோரியா என்ற மாவீரன் மனிதர்களைத் தொல்லைப்படுத்திய ராட்சத பீவர்களைத் துரத்திக் கொன்று, மூன்று தோல்களை அந்தப் பாறையில் விரித்துக் காயப்போட்டான் என்பது டெனே மக்கள் சொல்லும் கதை. அந்த அடையாளங்கள் இன்றும் பாறையில் தெரிகின்றன என்பார்கள். டெனே மக்கள் அமைப்பின் சின்னத்திலேயே அந்தப் பாறை இருக்கிறது. நார்மன் வெல்ஸ் என்ற ஊரில் 1920-இல் எண்ணெய் எடுத்தார்கள். அந்த இடத்துக்கு உள்ளூர்ப் பெயரே 'எண்ணெய் இருக்கும் இடம்'தான்.

ஒரு பக்கம் சிம்சன், ஃபிராங்க்ளின், மெக்கன்சி. இன்னொரு பக்கம் ஆறுகள் கூடுமிடம், தண்ணீர்கள் சந்திக்கும் இடம், எண்ணெய் இருக்கும் இடம். முதல் வகைப் பெயர்கள் யார் வந்தார்கள் என்று சொல்கின்றன. இரண்டாவது வகை, அங்கே என்ன இருக்கிறது, எப்படிப் பிழைப்பது என்று சொல்கிறது.

எண்ணான குழந்தைகள்

கூடைக்காரப் பாட்டியிடம் "உங்க பேத்திகளும் இந்த மொழி பேசுவாங்களா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் ஆற்றையே பார்த்தார். "என்னிடமிருந்துதான் எடுத்துவிட்டார்களே, நான் எதைக் கொடுப்பது?" என்றார்.

ஏழு வயதில் அவரை விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். உடுப்பில் எண், படுக்கையில் எண், கூப்பிடுவதும் எண். தன் மொழியில் பேசினால் அடி. கோடையில் வீட்டுக்கு வந்தபோது பாட்டி பேசுவது பாதிதான் புரிந்ததாம். "என் அப்பா ஒருநாளும் இதை மெக்கன்சி என்று சொன்னதில்லை. நான்தான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வந்து அவருக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்."

கனடா முழுக்க 1,50,000-க்கும் அதிகமான பூர்வகுடிக் குழந்தைகள் இப்படிப்பட்ட விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவற்றில் கடைசிப் பள்ளி மூடியது 1990-களில்தான். 2008-இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார்.

வடக்கே இனுயிட் மக்களுக்கு நடந்ததும் பெயர் விஷயம்தான். அவர்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. அதிகாரிகளுக்கு அது சிரமமாக இருந்தது. 1940-களில் ஆளுக்கொரு எண் பொறித்த வட்டத் தகட்டைக் கொடுத்து, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரசு ஏடுகளில் அந்த எண்தான் ஆள். 1960-களின் கடைசியில்தான் இது மாறியது. ஊர் ஊராகப் போய், என்ன குடும்பப் பெயர் வேண்டும் என்று மக்களிடமே கேட்டு எழுதும் வேலையைச் செய்தவர் ஏப் ஒக்பிக். இதே ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் பிறந்தவர். அவரிடமும் ஒரு தகடு இருந்தது.

வரைபடத்தில் திரும்ப ஏறிய பெயர்

1970-களில் இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு நெடுக எரிவாயுக் குழாய் பதிக்க ஒரு பெரும் திட்டம் வந்தது. அதை விசாரிக்க நியமிக்கப்பட்ட நீதிபதி தாமஸ் பெர்கர், அலுவலகத்தில் உட்கார்ந்து விசாரிக்காமல் 35 ஊர்களுக்குப் போனார். மீன் பிடிப்பவர்கள், பாட்டிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அவர் முன்னால் தங்கள் மொழியிலேயே பேசினார்கள். 1977-இல் வந்த அவருடைய அறிக்கையின் தலைப்பு 'வடக்கு எல்லை, வடக்குத் தாயகம்'. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லைப்புறம், இருப்பவர்களுக்குத் தாய்நாடு. நில உரிமை முடிவாகும்வரை பத்து வருடம் குழாய் வேலையைத் தள்ளிவைக்கச் சொன்னார்.

பெயர்களும் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. கடலோர ஊரான டுக்டோயக்டுக் 1950-லேயே ஆங்கிலப் பெயரை விட்டுப் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டது. ஃபோர்ட் ஃபிராங்க்ளின் 1993-இல் டெலினே ஆனது. ஃபோர்ட் நார்மன் 1996-இல் டுலிடா ஆனது. ஆற்றின் முறை வந்தது 2015-இல். டேச்சோ, டேஹோ, நாக்விச்சூன்ஜிக், கூக்பாக், கிராண்ட் ரிவியேர் என்ற ஐந்து பெயர்களையும் மெக்கன்சியோடு சேர்த்து வடமேற்குப் பிரதேச அரசு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ஓர் ஆறு, ஆறு பெயர்! எதையும் அழிக்கவில்லை, விட்டுப்போனதைச் சேர்த்தார்கள். அந்தப் பிரதேசத்தின் 11 அலுவல் மொழிகளில் 9 பூர்வகுடி மொழிகள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அதே 2015-ஐ ஒட்டி அங்கே இன்னொரு செய்தியும் வந்தது. ஒரு தாய் தன் குழந்தைக்கு வைத்த பெயரில், தொண்டையில் மூச்சை ஒரு நொடி நிறுத்திச் சொல்லும் ஓர் ஒலி இருந்தது. அதற்கு அவர்கள் மொழியில் தனி எழுத்து உண்டு. பார்க்கக் கேள்விக்குறிபோல இருக்கும். பிறப்புச் சான்றிதழில் அதைப் போட முடியாது, ரோமன் எழுத்து மட்டும்தான் என்று அரசு சொல்லிவிட்டது. அந்த இடத்தில் ஒரு சிறு கோட்டைப் போட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, எழுத்துக்காகத் தொடர்ந்து போராடினார் அந்தத் தாய். எழுத்தை மாற்றினால் அர்த்தமே மாறிவிடும் என்பது அவர் வாதம்.

திரும்பி வரும் வழியில் இந்தச் செய்தியை மகள் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்சீட்டில் என் பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் யாழினி. பள்ளியில் அவள் 'யாஸ்'. அந்த 'ழ' அங்கே யாருக்கும் வராது. ஆங்கிலத்தில் எழுதவும் வழியில்லை. எனக்கு மனசுக்குள் ஒரு குறை இருந்தது. மகளிடம் சொன்னபோது, "அவளுக்கே அது பிரச்சினையில்லைம்மா, விடுங்க" என்றிருந்தாள். நானும் விட்டிருந்தேன்.

"ஆச்சி, அந்தப் பாப்பாவோட பேரை டீச்சர் எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டாள் யாழினி.

"கத்துக்கிட்டுச் சொல்வாங்களா இருக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. காட்டெருமைகள் வந்தன, போயின. பிறகு சொன்னாள்: "எங்க மிஸ் நல்லவங்கதான். நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கலை."

செப்டம்பரில் பள்ளி திறந்ததும் சொல்லிக்கொடுத்தாளாம். மிஸ்ஸுக்கு இன்னும் 'யாரினி' என்றுதான் வருகிறதாம். "பரவாயில்லை ஆச்சி, நாக்கை மடிக்கிறாங்க" என்று ஃபோனில் சொன்னாள். விளையாடும்போது தோழிகளுக்கு அவள் இன்னும் யாஸ்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆற்றுக்கே ஆறு பெயர் இருக்கும்போது, என் பேத்திக்கு இரண்டு இருக்கட்டுமே. இரண்டில் ஒன்று அவளுக்கு நாங்கள் வைத்ததாக இருந்தால் போதும்.

ஆறு இறங்கினால்?

ஃபோர்ட் சிம்சனில் அந்தப் பாட்டி இன்னொன்றையும் காட்டினார். ஆற்றின் நடுவே மணல்திட்டுகள் வெளியே தெரிந்தன. "இவ்வளவு மணலை இந்த மாசத்தில் நான் பார்த்ததே இல்லை" என்றார்.

2023-இல் அங்கே வறட்சியும் காட்டுத்தீயும் சேர்ந்து வந்தன. ஆகஸ்டில் யெல்லோநைஃப் ஊரையே காலி செய்தார்கள். என் மகள் குடும்பமும் மூன்று வாரம் வெளியூரில் இருந்தது. அடுத்த ஆண்டு ஆற்று நீர்மட்டம் இதுவரை காணாத அளவுக்கு இறங்கியது. சாலை இல்லாத கரையோர ஊர்களுக்கு எரிபொருளும் கட்டுமானச் சாமானும் கோடையில் சரக்குப் படகில்தான் போகும். 2024-இல் நார்மன் வெல்ஸுக்கும் டுலிடாவுக்கும் படகு போக முடியவில்லை. எரிபொருளை விமானத்தில் கொண்டுபோனார்கள். அந்தச் செலவு அங்கே வீட்டைச் சூடாக்கும் பில்லில் ஏறி உட்கார்ந்தது. எண்ணெய் கிடைக்கும் ஊரிலேயே எண்ணெய்க்கு அந்தப் பாடு!

ஒரு பக்கம் உருகும் பனி அடைத்து வெள்ளம், இன்னொரு பக்கம் படகு தரைதட்டும் அளவுக்கு வறட்சி. நான்கைந்து வருடத்துக்குள் இரண்டையும் பார்த்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் எப்போது ஏறும், பனி எங்கே மெலியும், மீன் எந்தப் பக்கம் போகும் என்பதெல்லாம் அந்த மொழிகளில், அந்த இடப்பெயர்களில்தான் சேமிப்பாக இருக்கிறது. சொல்லித் தரும் பாட்டிகள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது பாட்டியிடம், வரைபடத்தில் உங்கள் பெயர் திரும்ப வந்ததில் சந்தோஷம்தானே என்று கேட்டேன். "சந்தோஷம்தான்" என்றார். பிறகு மணல்திட்டைக் காட்டிச் சொன்னார்: "டேச்சோ என்று சொன்னால் அது பெரிதாக இருக்க வேண்டும், இல்லையா?"